பைத்தானில் பெரிய எக்ஸ்எம்எல் கோப்பைச் சுலபமாகப் படிக்க என்ன வழி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. தமிழ் விக்கிப்பீடியாவின் டம்ப் கோப்பை, அதாவது பக்கங்களை எல்லாம் ஒன்றாகக் கொட்டிவைத்த பெரிய எக்ஸ்எம்எல் கோப்பை, இறக்கி வைத்திருக்கிறீர்கள். அதிலிருந்து ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பும் உரையும் வேண்டும். பைத்தானில் எக்ஸ்எம்எல் படிக்க இருக்கும் மினிடாம் என்ற மாட்யூலை வைத்து எழுதிய நிரல் நீங்களே வெட்டியெடுத்த சின்ன மாதிரிக் கோப்பில் ஓடுகிறது. முழுக் கோப்பைக் கொடுத்தால் மெமரி நிரம்பிக் கணினி உறைந்துவிடுகிறது. நிரலும் சைல்ட்நோட்ஸ், ஃபர்ஸ்ட்சைல்ட், நோட்வேல்யூ என்று பக்கம் பக்கமாகப் போகிறது. "எக்ஸ்எம்எல் படிக்க இதைவிடச் சுலபமான வழியே இல்லையா?" என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நிரலை எப்படிக் குறைப்பது என்பது ஒன்று, மெமரியை எப்படிக் குறைப்பது என்பது இன்னொன்று. மினிடாமில் இரண்டு தொல்லையும் சேர்ந்தே வருவதால் ஒரே நோய் மாதிரி தெரிகிறது. ஆனால் முதல் கேள்விக்குப் பலரும் கைகாட்டும் நூலகங்கள் இரண்டாவதை இன்னும் மோசமாக்கும். மொழித்தரவு வேலையில் பல வருடங்களாக இந்த மாதிரிக் கோப்புகளோடுதான் எனக்குப் பொழுது போகிறது. அந்த அனுபவத்தில் என் பதில்: பைத்தானோடு கூடவே வரும் எலிமென்ட்ட்ரீ என்ற மாட்யூலும் அதிலுள்ள இட்டர்பார்ஸ் என்ற ஃபங்ஷனும் போதும். இருபது இருபத்தைந்து வரிக்குள் முடியும். தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் வழியில் நாலைந்து குழிகள் உண்டு. அவை தெரியாததால்தான் பலர் "இது வேலை செய்யவில்லை" என்று மினிடாமுக்கே திரும்பிப் போகிறார்கள்.

மினிடாம் ஏன் அவ்வளவு வளவள என்று இருக்கிறது? அதற்கு அடிப்படையான டாம் என்பது, கோப்பை முனைகள் கொண்ட மரமாகக் காட்டும்படி, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998இல் வெளியிட்ட இடைமுகம். எந்த நிரல்மொழிக்கும் பொருந்தவேண்டும் என்று வகுத்தது, அதனால் எந்த மொழியிலும் இயல்பாக உட்காராது. அதில் உரையும் ஒரு தனி முனை. டேக்குகளுக்கு நடுவே அழகுக்காக விட்ட புதுவரியும் இடைவெளியும்கூட உரை முனைகள்தான். பேஜ் டேக்கின் முதல் பிள்ளையைக் கேட்டால் டைட்டில் வரும் என்று நினைப்பீர்கள். வருவது ஒரு புதுவரியும் நாலு இடைவெளியும். உங்கள் நிரலில் பாதி வரிகள் இந்த வெற்று முனைகளைத் தாண்டிக் குதிப்பதற்காகவே எழுதப்பட்டவையாக இருக்கும்.

இதைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் ஃபிரெட்ரிக் லுண்ட் எலிமென்ட்ட்ரீயை எழுதினார். 2006இல் பைத்தான் 2.5 வந்தபோது அது மொழியோடேயே சேர்ந்துவிட்டது. அதில் ஒரு எலிமென்ட், அதாவது ஒரு டேக்கும் அதற்குள் இருப்பவையும், கிட்டத்தட்ட ஒரு பைத்தான் லிஸ்ட். ஃபார் லூப் போட்டால் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வரும். ஆட்ரிபியூட்டுகள் டிக்ஷனரி மாதிரி. உரை வேண்டுமென்றால் டெக்ஸ்ட் என்ற பண்பில் நேரடியாகச் சரமாக இருக்கும். ஃபைண்ட், ஃபைண்ட்ஆல், ஃபைண்ட்டெக்ஸ்ட் என்ற மூன்றும் தெரிந்தால் தினசரி வேலை பெரும்பாலும் ஓடிவிடும். ஒரு டேக் மூடியபிறகு வரும் உரை அந்த டேக்கின் டெயில் என்ற பண்பில் போய் உட்காரும். எச்டிஎம்எல் மாதிரி உரைக்கு நடுவே டேக்குகள் கலந்து வரும் கோப்புகளில் இது குழப்பும். உங்கள் கோப்பில் அந்தப் பிரச்சினை இல்லை.

முதல் குழி நேம்ஸ்பேஸ், அதாவது டேக் பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம். எலிமென்ட்ட்ரீயில் ஃபைண்ட்ஆல் போட்டு 'பேஜ்' என்று கேட்டால் காலி லிஸ்ட் வரும். பிழைச்செய்தியும் வராது. காரணம், விக்கிப்பீடியா டம்ப்பின் முதல் வரியிலேயே எக்ஸ்எம்எல்என்எஸ் என்று ஒரு நீளமான இணைய முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறது. அது உள்ளே இருக்கும் எல்லா டேக்குகளுக்கும் பொருந்தும். எனவே எலிமென்ட்ட்ரீயின் கண்ணில் அந்த டேக்கின் பெயர் வெறும் பேஜ் இல்லை. சுருள் அடைப்புக்குறிக்குள் அந்த முழு முகவரி, அதை ஒட்டிப் பேஜ். ஒரு டேக்கின் பெயரை பிரிண்ட் செய்து பாருங்கள், கண்கூடாகத் தெரியும். பலர் அந்த முகவரியை அப்படியே நகலெடுத்து நிரலில் ஒட்டிவிடுவார்கள். செய்யாதீர்கள். அதன் கடைசியில் ஒரு பதிப்பெண் இருக்கிறது. முன்பு 0.10 என்றிருந்தது பிறகு 0.11 ஆனது. அன்றைக்கு முகவரியை ஒட்டிவைத்திருந்த நிரல்கள் எல்லாம் எந்தச் சத்தமும் இல்லாமல் பூஜ்யம் கட்டுரைகளைத் தந்திருக்கும்.

பைத்தான் 3.8 முதல் இதற்கு நல்ல தீர்வு இருக்கிறது. சுருள் அடைப்புக்குறிக்குள் முகவரிக்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு, அதை ஒட்டி டேக் பெயரைக் கொடுக்கலாம். எந்த நேம்ஸ்பேஸாக இருந்தாலும் சரி என்று அர்த்தம். ஃபைண்ட் வகையறாக்களில் மட்டும்தான் இது நடக்கும். நீங்களே டேக் பெயரை ஒப்பிடும் இடங்களில், மூடும் சுருள் அடைப்புக்குறியில் சரத்தைப் பிளந்து கடைசித் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி வேலை.

அடுத்த குழி ஐடி. ஒரு பக்கத்துக்குள் ஐடி என்ற டேக் ஒன்றுதான் இருக்கும் என்று எண்ணாதீர்கள். பேஜ் டேக்குக்கு நேர் கீழே இருப்பது பக்கத்தின் எண். அதன் ரிவிஷனுக்குள் ஒன்று, அது திருத்தத்தின் எண். ரிவிஷனுக்குள் இருக்கும் காண்ட்ரிபியூட்டருக்குள் இன்னொன்று, அது தொகுத்தவரின் எண். "எங்கிருந்தாலும் கொண்டுவா" என்று இட்டர் கொண்டோ இரட்டைச் சாய்கோட்டுப் பாதை கொண்டோ தேடினால் மூன்றும் கலந்து வரும். நேர் பிள்ளையை மட்டும் தேடும் ஃபைண்ட்தான் இங்கே சரி. இந்த மாதிரித் தவற்றில் நிரல் நின்றுபோவதில்லை என்பதுதான் கஷ்டம். தப்பான எண்களை ஒழுங்காக அடுக்கித் தந்துவிட்டு, ரொம்ப நாள் கழித்துத்தான் மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபைண்ட் தந்த எலிமென்ட்டை அப்படியே இஃப் நிபந்தனையில் போடாதீர்கள். எலிமென்ட் ஒரு லிஸ்ட் மாதிரி என்றேன் அல்லவா? பிள்ளைகள் இல்லாத எலிமென்ட் காலி லிஸ்ட் போலப் பொய்யாகக் கணக்காகும். விக்கிப்பீடியா டம்ப்பில் வேறொரு கட்டுரைக்குத் திருப்பிவிடும் வழிமாற்றுப் பக்கங்களில் ரீடைரக்ட் என்று ஒரு டேக் இருக்கும். அதற்குள் பிள்ளையும் கிடையாது, உரையும் கிடையாது, டைட்டில் என்ற ஆட்ரிபியூட் மட்டும்தான். அதை இஃப்பில் சோதித்தால் "வழிமாற்றே இல்லை" என்று பதில் வரும். 'இஸ் நாட் நன்' என்று வெளிப்படையாக எழுதுங்கள். பைத்தான் 3.12 முதல் இந்தப் பழக்கத்துக்கு எச்சரிக்கையும் வருகிறது.

இனி மெமரி விஷயம். மினிடாமானாலும் எலிமென்ட்ட்ரீயின் பார்ஸ் ஆனாலும் முழுக் கோப்பையும் மரமாகக் கட்டி மெமரியில் நிறுத்திவிட்டுத்தான் உங்கள் கையில் கொடுக்கும். அந்த மரம் கோப்பின் அளவைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். எலிமென்ட்ட்ரீ மினிடாமைவிடச் சிக்கனம், ஆனால் உங்கள் அளவுக்கு அந்தச் சிக்கனம் போதாது. இதற்கு நேர் எதிர்க்கோடியில் சாக்ஸ் என்ற இன்னொரு படிக்கும் முறை இருக்கிறது. அதுவும் 1998இல் ஜாவா உலகில் பிறந்ததுதான். அது எதையும் சேர்த்துவைக்காது. டேக் திறந்தது, உரை வந்தது, டேக் மூடியது என்று அறிவித்துக்கொண்டே போகும். எந்த டேக்குக்குள் இருக்கிறோம் என்று நினைவில் வைப்பது உங்கள் பொறுப்பு. உரையை அது ஒரே துண்டாகத் தரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஒரு சொல்லின் நடுவிலேயே இரண்டாகப் பிரிந்து வரலாம். அதைச் சேர்க்க மறந்த நிரலில் சில கட்டுரைத் தலைப்புகள் மட்டும் பாதியாக வெட்டுப்பட்டு நிற்கும். மெமரி மிச்சம், ஆனால் நீங்கள் கேட்ட சுலபம் அதில் இல்லை.

இட்டர்பார்ஸ் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து, ஒவ்வொரு டேக் மூடும்போதும் அந்த எலிமென்ட்டை உங்களிடம் நீட்டும். பேஜ் மூடும்போது அந்த ஒரு பக்கத்தின் முழு மரமும் தயாராகக் கையில் இருக்கும். ஃபைண்ட் வைத்துத் தலைப்பை எடுங்கள், உரையை எடுங்கள், எழுதிவையுங்கள், பிறகு அதைக் காலிசெய்துவிடுங்கள். அடுத்த பக்கம். பந்தியில் இலை எடுத்தபிறகு அடுத்த ஆளை உட்காரவைப்பது மாதிரிதான்.

இந்தக் காலிசெய்யும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பக்கத்தின் மேல் கிளியர் என்று அழைத்தால் அதன் உள்ளடக்கம் போகும், ஆனால் காலியான அந்தப் பேஜ் எலிமென்ட் மூல எலிமென்ட்டின் பிள்ளையாக அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். லட்சக்கணக்கில் பக்கங்கள் இருந்தால் இந்த வெற்றுக்கூடுகளே மெமரியை மெல்ல மெல்ல ஏற்றும். "கிளியர் போட்டும் மெமரி ஏறுகிறதே" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். செய்யவேண்டியது இது: இட்டர்பார்ஸிடம் ஸ்டார்ட், எண்ட் இரண்டு நிகழ்வுகளையும் கேளுங்கள். முதலில் வரும் ஸ்டார்ட் மூல எலிமென்ட்டுடையது. அதை ரூட் என்ற மாறியில் பிடித்துவையுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் ரூட்டின் மேல் கிளியர் அழையுங்கள். ஸ்டார்ட் நிகழ்வை இதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். அந்த நேரத்தில் ஆட்ரிபியூட்டுகள் வந்திருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் உரையும் பிள்ளைகளும் வந்திருக்கும் என்று நம்பக்கூடாது. சின்னக் கோப்பில் தற்செயலாக இருக்கும், பெரிய கோப்பில் கைவிடும். உரையை எப்போதும் எண்டில் எடுங்கள்.

ஆக, நிரலின் போக்கு இதுதான். பிஇசெட்2 முறையில் சுருக்கிய கோப்புகளைப் படிக்கும் பிஇசெட்2 மாட்யூலின் ஓப்பனால் கோப்பைத் திறக்கிறோம். சுருக்கிய கோப்பை விரித்து வைக்கத் தேவையே இல்லை, படிக்கப் படிக்க அதுவே விரித்துத் தரும். திறந்ததை இட்டர்பார்ஸிடம் கொடுக்கிறோம். எண்ட் நிகழ்வில் டேக்கின் கடைசித் துண்டு பேஜ் என்று இருந்தால் மட்டும் உள்ளே போகிறோம். என்எஸ் என்ற டேக்கின் உரை 0 தானா என்று பார்க்கிறோம். விக்கிப்பீடியாவில் பக்கத்தின் வகையைக் காட்டும் எண்ணைப் பெயர்வெளி என்பார்கள், அதில் 0 என்பதுதான் கட்டுரைகள். 10 வார்ப்புருக்கள் (பல பக்கங்களில் செருகும் பொதுத் துண்டுகள்), 14 பகுப்புகள், இவையும் இதே கோப்பில் கலந்து கிடக்கும். ரீடைரக்ட் இருந்தால் தாண்டுகிறோம். ஃபைண்ட்டெக்ஸ்ட்டால் டைட்டிலை எடுக்கிறோம். ரிவிஷன், அதற்குள் டெக்ஸ்ட் என்ற பாதையில் உரையை எடுக்கிறோம். இரண்டையும் ஒரு ஜேசான் வரியாக எழுதுகிறோம். கடைசியில் ரூட் கிளியர். அதை மட்டும் இஃப்புக்கு உள்ளே, ஆனால் தாண்டிப்போகும் பக்கங்களுக்கும் சேர்த்து நடக்கும்படி வையுங்கள். கன்டினியூ போட்டு அதைத் தவிர்த்துவிட்டால் வழிமாற்றுப் பக்கங்கள் எல்லாம் அடுத்த கட்டுரை வரும்வரை மெமரியில் குவியும்.

கோப்பை பைனரி முறையில்தான் திறக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை, அதாவது என்கோடிங், எது என்று எக்ஸ்எம்எல் கோப்பே தன் முதல் வரியில் அறிவிக்கலாம், அறிவிக்காவிட்டால் யுடிஎஃப்-8 என்று பொருள். அதைப் பார்த்து முடிவெடுப்பது பார்சரின், அதாவது கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரலின், வேலை. நீங்கள் முந்திக்கொண்டு டெக்ஸ்ட் முறையில் திறந்தால், விண்டோஸ் கணினியில் பைத்தான் தன் வழக்கமான என்கோடிங்கில் படிக்க முயன்று தமிழை எல்லாம் குதறிவிடலாம். பிஇசெட்2இன் ஓப்பன் எதுவும் சொல்லாவிட்டால் பைனரியாகத்தான் திறக்கும் என்பதால் இங்கே தப்பித்தீர்கள். சாதாரண ஓப்பனுக்கு 'ஆர்பி' என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"இதற்கு எக்ஸ்எம்எல்டுடிக்ட் நூலகம் போதுமே, ஒரே வரியில் டிக்ஷனரி ஆகிவிடுமே" என்று யாராவது சொல்வார்கள். சின்ன செட்டிங்ஸ் கோப்புக்கு நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் சுலபம் ஓரளவுக்குத்தான். ஒரே பெயரில் இரண்டு டேக் இருந்தால் லிஸ்ட் தரும், ஒன்றே ஒன்று இருந்தால் லிஸ்ட் தராது. ஒரு பில்லில் இரண்டு பொருள் இருக்கும்போது ஓடிய நிரல் ஒரே பொருள் உள்ள பில்லில் விழும். ஃபோர்ஸ்லிஸ்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, ஆனால் எந்தெந்த டேக் என்று நீங்கள் முன்கூட்டியே யோசித்துச் சொல்ல வேண்டும். பெர்ல் காரர்களுக்கு இந்தக் கதை பழசு. அங்கே எக்ஸ்எம்எல் சிம்பிள் என்ற மாட்யூலின் ஆவணத்திலேயே, புதிய நிரல்களில் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பியூட்டிஃபுல்சூப் அருமையான கருவிதான், ஆனால் ஒழுங்கில்லாத எச்டிஎம்எல்லுக்கு. அதற்கு எக்ஸ்எம்எல் படிக்கவே பின்னால் எல்எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு நூலகம் வேண்டும், முழுக் கோப்பையும் மெமரியில்தான் ஏற்றும். அட்டவணைத் தரவுக்கான நூலகமான பாண்டாஸில் 1.3 பதிப்பிலிருந்து ரீட்எக்ஸ்எம்எல் இருக்கிறது. ஒரே மாதிரி வரிசைகள் அடுக்கிய தட்டையான தரவுக்கு நல்லது, ரிவிஷனுக்குள் காண்ட்ரிபியூட்டர் என்று அடுக்கடுக்காகப் போகும் இதற்குப் பொருந்தாது.

எழுத்து வடிவத்தைக் கொடுத்து உரையில் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பற்றி என் கருத்து பலரைவிடக் கொஞ்சம் தளர்வானது. டம்ப்பில் எத்தனை பக்கம் இருக்கிறது என்று சட்டென்று எண்ண வேண்டுமா, க்ரெப் என்ற தேடல் கட்டளை போட்டு எண்ணுங்கள், தப்பே இல்லை. ஆனால் உள்ளடக்கத்தை அப்படி எடுக்காதீர்கள். கோப்பில் ஆம்பர்சாண்டும் கோண அடைப்புக்குறிகளும் மாற்றுக்குறியீடாக எழுதப்பட்டிருக்கும். பார்சர் அவற்றைத் தானாகத் திருப்பிவிடும், ரெகுலர் எக்ஸ்பிரஷன் திருப்பாது.

எல்எக்ஸ்எம்எல் எப்போது? மரத்துக்குள் பாதை எழுதித் தேடும் எக்ஸ்பாத் முழுதாக வேண்டும், பிள்ளையிலிருந்து பெற்றோருக்கு ஏற வேண்டும், கோப்பின் அமைப்பு விதிகளான ஸ்கீமாவோடு சரிபார்க்க வேண்டும் என்றால் தயங்காமல் அதற்குப் போங்கள். அதன் இட்டர்பார்ஸில் டேக் பெயரை முன்பே கொடுத்து வடிகட்டும் வசதியும் உண்டு. அதன் வேகம் பற்றி இணையத்தில் நிறையப் பேச்சு. மரம் கட்டுவதில் அது வேகமானதுதான். ஆனால் உங்கள் வேலையில் பெரும்பங்கு நேரம் பிஇசெட்2 விரிப்பதிலேயே போய்விடும் என்பது என் கணிப்பு, பார்சரை மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியாது. இது கோப்பையும் கணினியையும் பொறுத்தது. வேகம் முக்கியமென்றால் அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. விக்கிமீடியா தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய கோப்புக்குக் கவலை வேண்டாம். முகம் தெரியாதவர்கள் பதிவேற்றும் எக்ஸ்எம்எல்லை சர்வரில் படிக்கப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. சில வரிக் கோப்பே உள்ளே பலமடங்காக விரிந்து மெமரியைத் தின்னும்படி எழுத முடியும். பைத்தானின் அடியில் இருக்கும் எக்ஸ்பாட் என்ற பார்சர் 2.4.1 பதிப்பு முதல் இதைத் தடுக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு இருக்கக்கூடும் என்றால் இதைத் தடுக்கும் டிஃபியூஸ்ட்எக்ஸ்எம்எல் நூலகத்தைப் பயன்படுத்துங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்கு ஐயமே இல்லை. இனி வருவது அவ்வளவு சுலபமான பாதை இல்லை. டெக்ஸ்ட் டேக்கிலிருந்து உங்கள் கைக்கு வருவது படிக்கத் தயாரான தமிழ் உரை அல்ல, விக்கிக் குறியீடு. இரட்டைச் சதுர அடைப்புக்குறி இணைப்புகள், இரட்டைச் சுருள் அடைப்புக்குறி வார்ப்புருக்கள், அட்டவணைகள், ரெஃப் டேக்குகள். அதில் எச்டிஎம்எல் மாதிரி டேக்குகள் தெரிவதால் மறுபடியும் எலிமென்ட்ட்ரீயிடம் கொடுக்கத் தோன்றும். அது எக்ஸ்எம்எல் அல்ல, முதல் கட்டுரையிலேயே உடையும். இதற்கென்று எம்டபிள்யூபார்சர்ஃப்ரம்ஹெல் என்று ஒரு நூலகம் இருக்கிறது. பெயரே நிலைமையைச் சொல்லும். அதன் ஸ்ட்ரிப்கோட் வார்ப்புருக்களை நீக்கி, இணைப்புகளில் தெரியும் சொல்லை மட்டும் விட்டுவைக்கும். ஆனால் கட்டுரையின் அடியில் பகுப்பு: என்று தொடங்கும் வரிகளும், படிமங்களின் 'தம்ப்' போன்ற அளவுச் சொற்களும் உரையோடு ஒட்டிக்கொண்டு வரும். எனவே ஸ்ட்ரிப்கோட் ஓட்டுவதற்கு முன்பே இணைப்புகளை ஒருமுறை சுற்றிப்பார்த்து, பகுப்பு, படிமம், கோப்பு, அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் ஆகியவற்றில் தொடங்குபவற்றை நீக்கிவிடுங்கள். அப்படியும் வார்ப்புருவுக்குள் இருந்த தகவல், உதாரணமாக ஓர் ஊரின் மக்கள்தொகை, உரையில் வராது. அது வேண்டுமென்றால் வார்ப்புருவின் பெயரைப் பார்த்துத் தனியாகத்தான் எடுக்க வேண்டும். எல்லாக் கட்டுரைக்கும் பொருந்தும் ஒரே சூத்திரம் இதில் இல்லை, நூறு கட்டுரைகளைக் கண்ணால் பார்த்துத்தான் விதிகளைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. கேள்வியில் "தலைப்பும் உரையும்" என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பின்குறிப்பில் முதல் கட்டத்துக்குத் தலைப்புப் பட்டியல் போதும் என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் அதே டம்ப் பக்கத்தில், பெயர்வெளி 0இன் தலைப்புகள் மட்டும் அடங்கிய ஜிஇசெட் கோப்பு ஒன்று தனியாக இருக்கிறது. வரிக்கு ஒரு தலைப்பு, எக்ஸ்எம்எல்லே கிடையாது. இடைவெளி இருக்கவேண்டிய இடத்தில் அடிக்கோடு இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள். வழிமாற்றுகளும் அதில் சேர்ந்தே இருக்கும். அவற்றைக் கழிக்க வேண்டும் என்று எப்போது தோன்றுகிறதோ அப்போது இட்டர்பார்ஸை எடுத்தால் போதும்.